சுகயீன லீவும் கூட்டு ஒப்பந்தமும்: யாழ்ப்பாணத்து முழுநேர ஊழியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் முழுநேரமாக வேலை செய்பவர்களுக்கானது. வங்கிக் கிளை, காப்புறுதிக் கம்பனி, கொழும்பில் தலைமையகம் உள்ள விநியோக நிறுவனம், தொழிற்சாலை, கடை எல்லாம் இதில் அடங்கும். அரச ஊழியருக்கு ஒழுங்கு வேறு. அவர்களைப் பற்றியும் இடையில் ஒரு கேள்வி வருகிறது. மாரி தொடங்கினால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரி வாட்டுகள் நிரம்பும். பலர் நியமனக் கடிதத்தைத் தேடி எடுப்பதும் அப்போதுதான். சுகமாக இருக்கும்போதே எடுத்துப் பார்த்து வைத்தால் நல்லது.

வருடத்துக்கு எத்தனை நாள் சுகயீன லீவு?

எந்தச் சட்டத்தின் அல்லது எந்த ஒப்பந்தத்தின் கீழ் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியார் துறை முழுவதற்கும் பொதுவாக "வருடம் இத்தனை நாள் சுகயீன லீவு" என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் தருவது வருடாந்த லீவு 14 நாள், கஷுவல் லீவு 7 நாள். சொந்த அலுவல், சுகயீனம், வேறு நியாயமான காரணம் என்று மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 7 நாள். உங்கள் காய்ச்சல், மச்சாளின் கலியாணம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் ஒரே உண்டியலிலிருந்து போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்த ஏழும் முழுதாக இல்லை. இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள் என்ற கணக்கு. வருடாந்த லீவோ இரண்டாம் வருடத்தில்தான் கைக்கு வரும்.

தொழிற்சாலைகளும் வேறு பல தொழில்களும் 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே வருடாந்த லீவு உண்டு. சுகயீனத்துக்கென்று தனி லீவைப் பெரும்பாலும் காண முடியாது.

ஆகவே சம்பளத்தோடு தனியாக ஒரு சுகயீன லீவு உங்களுக்கு இருக்கிறது என்றால், அது நியமனக் கடிதத்திலிருந்து அல்லது கம்பனியின் உள்விதியிலிருந்து அல்லது கூட்டு ஒப்பந்தத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் கூட்டு ஒப்பந்தம்தான் ஆகப் பலமானது. மனேஜர் மாறினாலும் அது மாறாது.

கூட்டு ஒப்பந்தம் என்றால் சும்மா ஒரு இணக்கம்தானே?

இல்லை. முதலாளியும் தொழிற்சங்கமும் பேசி எழுதும் ஒப்பந்தம், 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளரிடம் போய், வர்த்தமானியில் வெளிவந்தால் சட்ட வலு பெறும். அதன்பின் அதில் உள்ள நிபந்தனைகள், அது யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர்கள் ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் எழுதியது போல ஆகிவிடும். கட்டுப்பட்ட ஒருவர் அதை மீறினால் அது குற்றம். நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

எங்கள் கம்பனிக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாழ்ப்பாணத்தில் எல்லாம் இந்த இடத்தில்தான் சிக்குகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கிய காலத்தில் சங்கம், ஒப்பந்தம் என்ற பேச்சு வீடுகளில் புழங்கியது. 1990 இல் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வளர்ந்தவர்களில் பலருக்குத் தொழிற்சங்கம் என்றால் மேதின ஊர்வலம் மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. இன்று ஆஸ்பத்திரி வீதியிலோ சுன்னாகத்திலோ ஒரு வங்கிக் கிளையில், விற்பனைக் களஞ்சியத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கு, கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தம் தன்னையும் தொடும் என்று யாரும் சொல்வதில்லை. ஒப்பந்தம் தலைமையகத்தோடு செய்யப்பட்டிருந்தால், கிளைகளை வெளியே விடுகிறோம் என்று அதில் எழுதாதவரை, யாழ்ப்பாணக் கிளையும் அதற்குள்தான்.

முதலில் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். "நடைமுறையிலுள்ள கூட்டு ஒப்பந்தத்துக்கு அமைய" என்ற மாதிரி ஒரு வரி கீழே எங்காவது இருக்கும். ஆங்கிலக் கடிதம் என்றால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்தக் கடிதங்களை எழுதுபவர்களே சில இடங்களில் தடுமாறுவார்கள். அடுத்தது சம்பளத் துண்டு. சங்கச் சந்தா என்று கழிவு ஏதும் இருந்தால், கேள்வியை எந்தச் சங்கத்திடம் கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பிறகு மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: "எனது தரத்துக்குப் பொருந்தும் கூட்டு ஒப்பந்தத்தின் பிரதியொன்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. வர்த்தமானி என்பதால் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் தேடலாம். ஒப்பந்தத்தின் பெயரும் ஆண்டும் கையில் இருந்தால் தொழில் திணைக்களத்தில் கேட்பதும் சுலபம்.

பிரதி கிடைத்ததும் நேரே லீவுப் பந்திக்குப் போகாதீர்கள். முன்பக்கத்தில் "யாருக்குப் பொருந்தும்" என்ற பந்தி இருக்கும். எழுதுவினைஞர், காசாளர், சாரதி, களஞ்சிய உதவியாளர் என்று தரங்களை அடுக்கியிருப்பார்கள். முகாமைத் தரத்தவர்கள் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். உங்கள் தரம் அதில் இருந்தால்தான் மற்றப் பந்திகள் உங்களுக்கு.

நான் சங்கத்தில் இல்லை. எனக்கும் பொருந்துமா?

அநேகமாகப் பொருந்தும். ஒப்பந்தத்தால் கட்டுண்ட முதலாளி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், மற்ற ஊழியர்களுக்கும் அதைவிடக் குறையாத நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அதே 1950 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சந்தா கட்டாமல் பலனை மட்டும் எடுப்பது சரியா என்பது வேறு கதை; அதைச் சங்கக்காரர் உங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

மேன்பவர் ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. வங்கியின் மேசையில் இருந்தாலும், காகிதத்தில் உங்கள் முதலாளி ஏஜென்சி என்றால், வங்கி ஊழியரின் ஒப்பந்தம் உங்களை நேரடியாகத் தொடாது. ஒரே மேசை, ஒரே வேலை, இரண்டு விதமான லீவு. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தம் இருந்தால் உண்மையில் என்ன வித்தியாசம் வருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஜனவரியில் டெங்கு. வாட்டில் ஆறு நாள், அதன்பின் டொக்டர் எட்டு நாள் ஓய்வு எழுதுகிறார். வேலைநாள் மட்டும் எண்ணினால் 12 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

சட்டம் மட்டும் பொருந்தும் கடை ஊழியர் என்றால் கஷுவல் 7 உம் போய், வருடாந்த லீவில் 5 உம் போகும். வருடம் தொடங்கி முதல் மாதத்திலேயே மிச்சம் 9 நாள். டிசம்பர் வரைக்கும் ஒரு தலையிடி வந்தாலும், ஒரு செத்தவீடு வந்தாலும் அந்த ஒன்பதுக்குள்தான். அவர் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம் என்றால் இன்னும் மோசம், 12 உம் நோபே, அதாவது சம்பளமில்லாத லீவு, ஆகலாம்.

ஒப்பந்தத்தில் தனியாக 21 நாள் சுகயீன லீவு இருக்கிற ஒருவருக்கு அந்த 12 உம் அதிலேயே கழியும். கஷுவல் 7, வருடாந்தம் 14 கை படாமல் இருக்கும். சுகயீன லீவிலும் 9 மிஞ்சும். இந்த 21 உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இடையில் வரும் ஞாயிறும் போயா தினமும் லீவுக் கணக்கில் சேருமா என்று அதே பந்தியில் தேடுங்கள். "வேலைநாட்கள்" என்று எழுதியிருக்கிறதா வெறும் "நாட்கள்" என்று எழுதியிருக்கிறதா என்பதில்தான் இரண்டு மூன்று நாள் கூடிக் குறையும்.

தகுதிகாண் காலத்தில் சுகயீன லீவு எடுக்கலாமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில ஒப்பந்தங்களில் நிரந்தரமான பிறகுதான் முழு எண்ணிக்கை வரும், அதுவரை மாத வீதத்தில். சட்டம் தரும் கஷுவல் லீவு மட்டும் தகுதிகாண் காலத்திலும் உங்களுடையதுதான்.

எந்த நாளிலிருந்து மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) கொடுக்க வேண்டும்?

ஒரு நாள் காய்ச்சலுக்கு மெடிக்கல் கேட்காத ஒப்பந்தங்கள் நிறைய. இரண்டு நாளுக்கு மேல் போனால் பெரும்பாலும் கேட்பார்கள். சரியான எல்லையை உங்கள் பந்தியில் பாருங்கள். வார இறுதியை அல்லது போயாவை ஒட்டி எடுத்த ஒரு நாளுக்கும் மெடிக்கல் வேண்டும் என்று சில இடங்களில் தனி விதி வைத்திருக்கிறார்கள்.

மெடிக்கலில் சண்டை வருவது அநேகமாகத் திகதியால்தான். மூன்று திகதிகளைப் பாருங்கள்: டொக்டர் உங்களைப் பார்த்த நாள், மெடிக்கல் எழுதிய நாள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை ஓய்வு என்ற இடைவெளி. திங்கள், செவ்வாய் வீட்டில் பரசிற்றமோலோடு படுத்துக் கிடந்துவிட்டு, புதன்கிழமை டொக்டரிடம் போய் "திங்களிலிருந்து போட்டுத் தாங்கோ" என்று கேட்டால், நல்ல டொக்டர் மாட்டேன் என்பார். எழுதிக் கொடுத்தாலும் தலைமையகம் ஏற்காமல் விடலாம். ஆகவே முதல் நாளே காட்டிவிடுங்கள். பெயரும் முதலெழுத்தும் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்கிறதா, டொக்டரின் பதிவிலக்கத்தோடு முத்திரை விழுந்திருக்கிறதா, முத்திரை வாசிக்கக் கூடியதா என்று மருந்தகத்தை விட்டு வெளியே வரமுன் பாருங்கள். மை காய்ந்த முத்திரையால் திரும்பி வந்த மெடிக்கல்களை நான் கண்டிருக்கிறேன்.

வாட்டில் இருந்தவர்கள், வெளியேறும்போது தரும் நோயறி அட்டையைக் கட்டாயம் வாங்கிப் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியைக் கந்தோரில் கொடுக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அது வேண்டும். மெடிக்கலின் மூலப் பிரதியைக் கொடுக்கும்போது, வாங்கிய திகதியைப் போட்டு ஒரு கையெழுத்து உங்கள் பிரதியில் வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.

பரியாரியார் தரும் மெடிக்கல் செல்லுமா?

முறிவு நெரிவுக்கு யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் முதலில் போவது அவரிடம்தான், ஆகவே இது நியாயமான கேள்வி. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களும் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு பெற்ற சித்த வைத்தியர் அல்லது கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை தரும் சான்றிதழ் ஒன்றும் லேசான காகிதம் இல்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தம் "பதிவு பெற்ற வைத்தியர்" என்று பொதுவாகச் சொல்கிறதா, மேலைத்தேய மருத்துவரை மட்டும் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவில்லாத பரம்பரை வைத்தியர் எண்ணெய் கட்டி எலும்பைப் பொருத்திவிடுவார், மெடிக்கல் மட்டும் அவரால் தர முடியாது. அங்கே கட்டுப் போட்டாலும் முதல் நாளே பெரியாஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது கெட்டித்தனம்.

சுகமில்லை என்று வட்ஸ்அப்பில் சொன்னால் போதுமா?

உள்விதி தடுக்காவிட்டால் போதும். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பக்கத்து மேசை அண்ணையிடம் சொல்லிவிட்டது அறிவித்தல் ஆகாது. லீவை அனுமதிக்கும் ஆளுக்கு, வேலை தொடங்க முன், எழுத்தில் அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், பின்னர் காட்டுவது கஷ்டம். "காய்ச்சல், இன்று வரமாட்டேன், டொக்டரிடம் போகிறேன்" என்று ஒரு வரி காணும்.

அறிவிக்காமல் நாட்கணக்கில் நின்றால் "வேலையை விட்டுப் போனவர்" என்று கடிதம் வரலாம். வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் அதற்குப் போதாது, வேலையைக் கைவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றங்கள் பார்க்கும் அளவுகோல். அந்த எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்று காட்ட, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அனுப்பிய ஒரு குறுந்தகவலே பெரிய துணை. கடிதம் வந்தால் சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே பதில் எழுதி, மெடிக்கலை இணைத்துப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல். என் சுகயீன லீவை எடுக்கலாமா?

பொதுவாக இல்லை. அது ஊழியரின் சொந்தச் சுகயீனத்துக்கு. பிள்ளைக்கு, அம்மாவுக்கு என்றால் கஷுவல். பிள்ளையைப் பார்க்க உங்கள் பெயரில் மெடிக்கல் எடுப்பது எல்லாரும் செய்வதுதான், தெரியும். பிடிபட்டால் அது பொய்ச் சான்றிதழ், ஒழுக்காற்று விசாரணை. எந்தச் சங்கமும் அதில் உங்களுக்காக நிமிர்ந்து பேச முடியாது.

எல்லா லீவும் முடிந்துவிட்டது, இன்னும் சுகமில்லை. அப்புறம்?

நோபே லீவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், மெடிக்கலோடு. சில ஒப்பந்தங்களில் நீண்டகால நோய்க்கு அரைச் சம்பளத்தில் மேலதிக நாட்கள், கடந்த வருடத்து மீதியைப் பயன்படுத்தும் வசதி என்று ஏதாவது இருக்கும். அது முதலில்.

நோபே வெட்டும்போது மாதச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று கேளுங்கள். 60,000 ரூபாவை 30 ஆல் வகுத்தால் ஒரு நாள் 2,000. 25 ஆல் வகுத்தால் 2,400. ஐந்து நாளுக்கு 2,000 ரூபா வித்தியாசம். வெட்டப்படுவது அதோடு நிற்காது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி போடும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குப் போடும் 3 வீதமும் குறைந்த சம்பளத்தின் மேல்தான் கணக்காகும்.

நோய் நீண்டால் வேலையை விட்டு நிறுத்தலாமா?

நினைத்தவுடன் முடியாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்து, நீங்கள் முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் உங்களைக் காக்கும். ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் வேலையை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நோய் ஒழுக்கக்கேடு அல்ல. ஆகவே "சும்மா ஒரு படிவம்" என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து நீட்டும் எந்தக் காகிதத்திலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தச் சம்மதமே அதற்குள் இருக்கலாம்.

வேலையில் அடிபட்டால் சுகயீன லீவில் கழிக்கிறார்கள். சரியா?

வேலையால் வந்த காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. 2022 இல் வந்த திருத்தத்தின் பின் வேலைக்குப் போகும், வரும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் வருகிறது. காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வரும் வழியில் அடிபட்டவர் சுகயீன லீவோடு மட்டும் திருப்திப்பட வேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் நோயறி அட்டையையும் சேர்த்து வையுங்கள். விபத்து லீவைத் தனியாகத் தரும் ஒப்பந்தங்களும் உண்டு.

மகப்பேற்று லீவு?

சுகயீன லீவோடு அதற்குச் சம்பந்தமில்லை. கடை, அலுவலக ஊழியருக்கு 84 வேலைநாள். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்று பார்ப்பதில்லை. கர்ப்பகாலத்தில் வரும் வேறு வருத்தங்களுக்கு எடுக்கும் சுகயீன லீவை இந்த 84 இல் கழிக்க விடாதீர்கள்.

என் தம்பி கச்சேரியில் வேலை. அவனுக்கு 45 நாளாமே?

ஆம், அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவையின் படி வருடம் 21 நாள் அமைய (கஷுவல்) லீவும் 24 நாள் ஓய்வு லீவும். அது கூட்டு ஒப்பந்தம் அல்ல. சுகயீனத்துக்கும் அந்த 45 இல்தான் எடுக்கிறார்கள். பொறாமைப்பட முன் உங்கள் ஒப்பந்தத்தைக் கூட்டிப் பாருங்கள். நல்ல ஒப்பந்தம் என்றால் பெரிய வித்தியாசம் இருக்காது.

எடுக்காத சுகயீன லீவுக்குக் காசு தருவார்களா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் வருடத்தோடு போய்விடும்.

சுகயீன விடுமுறைப் போராட்டம் என்று பத்திரிகையில் வருகிறதே, நாங்களும் செய்யலாமா?

ஆசிரியர்கள், சுகாதாரத் துறையினர் செய்வதைப் பார்த்துக் கேட்கிறீர்கள். அது சங்கங்கள் எடுக்கும் தொழிற்சங்க நடவடிக்கை. ஒருவருடைய வருத்தத்தைப் பற்றியது அல்ல. கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில், ஒப்பந்தத்தில் தீர்க்கப்பட்ட விடயங்களுக்காக அதன் காலத்துக்குள் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற பந்தி பெரும்பாலும் இருக்கும். சங்கத்தின் முடிவு இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து மெடிக்கல் போடுவது அந்த நாலைந்து பேருக்குத்தான் வினை. ஹர்த்தால் நாளுக்கும் இதேதான். பஸ் ஓடவில்லை என்று எழுதுங்கள், வயிற்றுவலி என்று எழுத வேண்டாம்.

ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பல ஒப்பந்தங்கள் மூன்று வருடத்துக்கு எழுதப்படும். மூன்று வருடம் முடிந்த அன்றே எல்லாம் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். விலக விரும்பும் தரப்பு, ஆணையாளருக்கும் மற்றத் தரப்புக்கும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். "முடிந்துவிட்டது" என்று வாயால் சொன்னால், அந்த அறிவித்தலின் திகதியைக் கேளுங்கள்.

லீவைத் தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் எழுத்தில் மனிதவளப் பிரிவு, கூடவே சங்கத்தின் கிளைப் பிரதிநிதி. ஒப்பந்தத்தில் முறைப்பாட்டு நடைமுறை என்று படிகள் இருந்தால் அந்த ஒழுங்கில் போங்கள். அது சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகம். தமிழில் முறைப்பாடு எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, லீவு விண்ணப்பம், மெடிக்கல், ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் என்று ஐந்தையும் ஒழுங்காகக் கொண்டுபோனால் உத்தியோகத்தருக்கு இரு தரப்பையும் விசாரணைக்கு அழைப்பது சுலபம். கட்டணம் இல்லை.

வேலையை நிறுத்தியே விட்டார்கள் என்றால் தொழில் நியாய சபை. ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "பேசித் தீர்ப்போம், பொறுங்கோ" என்று கம்பனி இழுத்தடிக்கும்போது அந்த ஆறு மாதமும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் கடையில் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. என்ன செய்யலாம்?

கஸ்தூரியார் வீதியிலிருந்து பருத்தித்துறை வரை பெரும்பாலான வேலைத்தலங்கள் இப்படித்தான். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். புதிதாகப் பதியாமல், ஏற்கெனவே உள்ள நாடளாவிய சங்கமொன்றின் கிளையாகச் சேர்வது இன்னும் லேசு. வேலைத்தல ஊழியரில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் அந்தச் சங்கத்தில் இருந்தால், அதோடு பேச மறுப்பது முதலாளிக்கு நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் 40 வீதம் என்றால் நாலு பேர். அந்த நாலு பேரைத் திரட்டுவதுதான் கஷ்டம். முதலாளி பெரும்பாலும் சொந்தக்காரர், அல்லது ஊரவர், அல்லது கோயில் தர்மகர்த்தா. அப்படிப்பட்ட இடத்தில் சங்கத்தின் பெயரை எடுக்காமலே, வருடம் இத்தனை நாள் சுகயீன லீவு என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஜனவரியில் புது வருட லீவுக் கணக்கு தொடங்கும்போது, எல்லாரும் சேர்ந்து, ஒரே கடிதத்தில்.